கடைசியாக எழுதியது

ரயில் ஹப்புத்தளையில் நின்றபோது
என் நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் நனைந்திருக்கவில்லை.
நான் நனைந்திருந்தேன்.

கணினி அறையில் பதினொரு விரிவுரையாளர்கள்.
சனிக்கிழமையைப் பறிகொடுத்த முகங்கள்.
புள்ளிவிபரவியல் நஸ்லிம் சேர்
விடைத்தாள் கட்டை அவிழ்த்தே வைத்திருந்தார்.
"போன வருசம் ஒன்று புதுசு என்றீங்க,
அதுக்கு முந்தின வருசமும் ஒன்று.
அதெல்லாம் இப்ப எங்க?"
தலை தூக்கவில்லை,
யாரோ ஒரு பிள்ளையின் பிழையைச்
சிவப்பில் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன்:
இது லைன் அறுந்தாலும் சாகாத பக்கம்.
உலாவிக்குள் ஒரு சின்ன வேலையாள்,
திரைக்குப் பின்னால், சம்பளமில்லாமல்
(பின்வரிசையில் யாரோ இருமினார்கள்)
கேட்டதை எடுத்துத் தருவான்,
எழுதியதைப் பொத்தி வைப்பான்,
சிக்னல் திரும்பியதும் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

"சரி, காட்டுங்க."

கம்பியை நானே பிடுங்கிக் காட்டுவதாக ஒத்திகை.
தேவைப்படவில்லை.
பத்தரைக்கு யன்னலில் மலை இல்லை.
இன்னும் ஐந்து நிமிடத்தில் எதிர்க் கட்டடம் இல்லை.
ரவுட்டரின் பச்சை செம்மஞ்சளாகி
அதுவும் போயிற்று.
பதினொரு திரைகளிலும் பக்கம் மட்டும் இருந்தது.
பதிவேடு திறந்தது. இட்ட புள்ளி நின்றது.
நஸ்லிம் சேர் பேனாவை மூடினார்.
என் தொழிலில் இதற்குமேல் கைதட்டல் கிடையாது.

கணக்கியல் யோகமலர் மிஸ்
கை உயர்த்தாமல் கேட்டார்:
"இங்க நான் ஒரு பிள்ளைக்கு
அறுபத்தொன்று போடுறேன், லைன் இல்ல.
பண்டாரவளையில இன்னொருத்தர்
அதே பிள்ளைக்கு முப்பத்தெட்டு போடுறார்.
அவருக்கும் லைன் இல்ல.
லைன் வந்ததும் எது நிக்கும்?"

நல்ல கேள்வி, என்றேன்.
தொண்டையைச் செருமுவதற்கு
நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.
"கடைசியாக எழுதியது நிற்கும்."
"மற்றது?"
"அழியும்."
"அழிஞ்சது யாருக்குத் தெரியும்?"
ரவுட்டரைப் பார்த்தேன்.

"மலையில தராசு பத்தொன்பது காட்டும்.
அம்மா பாத்தாங்க, நிரையில நின்ன எல்லாரும் பாத்தாங்க.
ஆபீஸ் புத்தகத்தில பதினாறு.
ஈரத்துக்குக் கழிச்சோம், சாக்குக்குக் கழிச்சோம்பாங்க.
பதினெட்டுக்குக் குறைஞ்சா அரைப் பேர்.
கடைசியா எழுதினது ஆபீஸ்தான், தம்பி.
எப்பவும்."

குரலில் முறைப்பாடு இல்லை.
பேரேட்டின் இரண்டு பக்கமும்
எங்கே ஒட்டவில்லை என்று
விரல் வைத்துக் காட்டுகிற குரல்.

இருபத்தேழாம் ஸ்லைடில்
சிரிக்கிற மேகம் ஒன்று இருந்தது.
அதுவரை போகவில்லை.

பிறகு பின்னேரம் முழுக்க
இரண்டு எண்ணையும் வைத்திருக்கும் பக்கம் ஒன்று எழுதினோம்.
எண்ணோடு எழுதியவர் பெயர், நேரம்.
வெட்டினால் ஒற்றைக் கோடுதான்,
அடியில் உள்ளது வாசிக்கக் கிடக்க வேணும்
என்றார் நஸ்லிம் சேர்,
சிவப்புப் பேனாவால் மேசையில் தட்டி.
மூன்று மணிக்கு ஒரே பிள்ளை ஏழு தடவை முளைத்தது.
சிரித்தார்கள். ரொட்டி ஆறிப்போயிருந்தது.
நாலரைக்கு ஐந்து தடவை.
இருட்டுகையில் ஒரு தடவை, இரண்டு எண்களோடு.

இரவு ரயில்.
இதல்கஸ்ஹின்னவுக்கு முன் எங்கேயோ
சிக்னல் வந்து போன் நடுங்கியது.
பதிவேட்டில் புதிதாக ஒரு வரி:

பிள்ளையின் பெயர்: வெறுங்கட்டம்.
எண்: பத்தொன்பது.
எழுதியவர்: தராசு.

சோதனைப் பதிவுகளை
அன்றன்றே துடைத்துவிடுவது என் வழக்கம்.
விரல் அங்கேதான் இருந்தது.
ரயில் குகைக்குள் நுழைந்தது,
லைன் போனது.

பக்கம் இருந்தது.