மின்தடை

கொருக்குப்பேட்டை கேட் மூடி
சரக்கு வண்டி போகும்போதெல்லாம்
மாடியில் என் கோடும் சேர்ந்து ஆடும்.
ஆறு நாள் கணக்கெழுதித்தான் கண்டுபிடித்தேன்,
அது நோயில்லை, பெட்டிகள் என்று.

நான்கு குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளியில்
இரண்டு தங்கக் கம்பிகள்.
அறுபத்தைந்து டிகிரியில் உட்காரவைத்து
ஒரு துளி மின்சாரத்தை
இப்படியும் அப்படியும்
நொடிக்குப் பத்தாயிரம் தடவை அனுப்பிக் கேட்கிறேன்:
வழி எப்படி?

எலிக்காய்ச்சல் கிருமியின் எழுத்து
கொஞ்சம் கிடந்தால் போதும்,
நொதி அதைப் பார்த்துப் பார்த்து எழுதும்.
எழுத எழுத
மக்னீசியம் வெள்ளை மண்டியாய் அடியில் இறங்கும்.
மின்சாரத்தைச் சுமக்க ஆள் குறையும்.
ஓம் கணக்கு ஏறும்.
பெருகுவது கண்ணுக்குத் தெரியாது,
தீர்ந்துபோவதைத்தான் அளக்கிறேன்.

முதல் குழாயில் தெரிந்த கிருமி.
அடுத்த இரண்டில்
மழைத்தண்ணீர் இப்போதுதான் வடிந்த
வியாசர்பாடி ஆட்கள்.
கடைசியில் வெறும் தண்ணீர்.

இருபத்திரண்டாம் நிமிடம் கரண்ட் போனது.

பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால் ஓம்.
வாரியத்தின் அறிவிப்பில்
மின்தடை என்றால் காலை ஒன்பது முதல்.
இன்று இரண்டும் ஒரே மேசையில்.

மடிக்கணினி மட்டும் முழித்திருக்க
அஸ்மத் பாய் கடைக்கு ஓடினேன்.
"டீயா?"
"வெந்நீர். பிளாஸ்கோட குடுங்க."
குழாய்களை உள்ளே இறக்கி
வாயில் ஒரு கையுறையைத் திணித்தேன்.
ஒயர்கள் மீசைபோல வெளியே.

அப்போதுதான் கவனித்தேன்:
கோடு நடுங்கவில்லை.
இத்தனை நாள் அதில் ஊறிக்கிடந்த
சுவர் ஒயரின் ஐம்பது துடிப்பு
தெருவோடு சேர்ந்து அணைந்திருந்தது.
இவ்வளவு சுத்தமான கோட்டை
கரண்ட் இருந்தவரை நான் பார்த்ததேயில்லை.

ஆனால் நான்கும் ஏறின.
தண்ணீரும்.

ஆற ஆற எந்த நீரும் கொஞ்சம் முரண்டுபிடிக்கும்.
தண்ணீரின் ஏற்றத்தை எடுத்து
மற்ற மூன்றிலிருந்தும் கழித்தேன்,
நோட்டில், பேனாவால்.
ஒன்றுமில்லாதது சாட்சி சொன்னது.
இரண்டாவது தட்டை.
மூன்றாவது, முப்பத்தொன்றாம் நிமிடத்திலிருந்து
நாற்பது ஓம், அறுபது,
நூற்றுப்பத்து.

பதிவேட்டில்:
ஏசுபாதம், மீன்பாடி வண்டி.
கெண்டைக்கால் வலி, மூன்று நாள்.
வேறு புகார் இல்லை.

போனில் முதலில் வந்தது ஹாரன் சத்தம், பிறகு அவர்.
"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."
"எங்கம்மா போறது, கேட்டாண்ட மாட்டிக்கினேன்."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
வெயிலில் ஏழு மீன்பாடி வண்டிகள்.
ஒருவரும் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை.