ஓடுபாதையின் நீளம்

அமைச்சு கேட்கும் விமானத்துக்கு
இன்னும் நானூறு மீற்றர் வேண்டும்.
படைத்தலைமை கேட்பதற்கு இருக்கிறதே போதும்.

கேள்விப்பத்திரம் மூன்று தரம் ரத்தானது.
மூன்று தரமும் நான்தான்
புதூர் வட்டைக்குள் இறங்கிச்
சிவப்புத்தலைக் கட்டைகள் அடித்தேன்,
பிடுங்கினேன்.

"மறுகா எப்ப வருவீங்க?
விதைக்கவா, விடவா?"
வரம்பில் நின்று கேட்டார் பூபாலப்பிள்ளை.

கொழும்புக்கு எழுதினேன்.
குழு கூடவில்லை.
ஒருவர் கையொப்பமிட மாட்டாராம்.
கோப்பு கணக்காய்வில்.
மரியாதையான கடிதங்கள், மும்மொழியிலும்.

அவர் விதைத்துவிட்டார்.
மாரி இறங்கி, கட்டைக் குழிகளில் தண்ணீர்;
வெள்ளாமை முழங்காலுக்கு வந்தாயிற்று.

இன்று காலை தொலைநகல்:
நானூறு அல்ல, நானூற்றைம்பது.
உடன் அடையாளமிடுக.

சிவப்புப் பெயின்ற் தீர்ந்துவிட்டதென்று
களஞ்சியத்துக்கு எழுதினேன், மூன்று பிரதிகளில்.
என் மேசைக்கடியில்
அரை வாளி இருக்கிறது;
காலால் உள்ளே தள்ளினேன்.