நேற்றைவிட நாற்பது லிட்டர்

காலை ஐந்தே முக்காலுக்குக் கூண்டு இறங்குகிறது.
வீப்கே லூடர்ஸ் எச்சில் விழுங்கிக்
காதடைப்பை நீக்கிக்கொள்கிறாள்.
பதினோரு வருடப் பழக்கம்.

கீழே, வெயிலில்லாத வெக்கை.
ஜெர்மனியின் பனிக்காலம் மேலேயே நின்றுவிடும்.
நான்கு பக்கமும் உப்புச் சுவர்.
வேலைக்கு வந்த முதல் வாரம்
எல்லோரும் அதை நக்கிப் பார்க்கிறார்கள்.
யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அவள் வேலை தண்ணீரை அளப்பது.
ஏதோ ஒரு கீறல் வழியாகச் சொட்டுவதைத்
தார்ப்பாயில் ஏந்தித் தொட்டியில் சேர்த்து
அளவுகோலை இறக்கி
எண்ணை நோட்டில் எழுதுவது.
இன்று
நேற்றைவிட நாற்பது லிட்டர் கூடுதல்.

சுவருக்கு அப்பால் பீப்பாய்கள்.
அவள் பிறக்குமுன்
வண்டி வாளியிலிருந்து சரித்துக் கொட்டியவை,
உருளைக்கிழங்கு கொட்டுகிற மாதிரி.
உப்பு கசியாது, அசையாது என்று
கையெழுத்துப் போட்டவர்கள்
தாள் பழுக்குமுன் போய்ச் சேர்ந்தார்கள்.
உப்பு அசைகிறது,
வருடத்துக்கு நான்கு விரற்கடை.

புதன்கிழமை தீயணைப்புக் கூடத்தில் ஊர்க்கூட்டம்.
சர்க்கரைப் பீட்ரூட் போடும் எக்கார்ட் எழுந்தான்.
"வெளியே எடுத்துவிட வேண்டியதுதானே?"
எடுக்கலாம்.
எடுப்பவர் எலும்பில் ஏறும்.
எடுத்ததை வைக்க வேறு ஊர் வேண்டும்,
அந்த ஊரிலும் ஓர் எக்கார்ட் இருப்பான்.
"அப்படியே மூடிவிட்டால்?"
மூடலாம்.
தண்ணீருக்குக் கதவு தெரியாது.

"புகையில்லாத மின்சாரம் என்றுதான் அன்றும் சொன்னீர்கள்"
என்றார் பின்வரிசையில் யாரோ.
ஜன்னலுக்கு வெளியே குன்றின்மேல்
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
அந்த இறக்கைகளும் ஒருநாள் குப்பைதான்
என்று முணுமுணுத்தான் எக்கார்ட்.

அமைச்சகத்துப் பெண் திரையில் அட்டவணை காட்டினாள்.
ஆபத்துக்குள்ளாவோர்:
இன்று, பன்னிரண்டு தொழிலாளர்.
பிற்காலம் என்ற கட்டத்தில்
எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு.
வீப்கே அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.
அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்போம்.
இங்கே தின்றவர்கள்
விளக்கெரித்து, ரொட்டி சுட்டு,
வானொலியில் கால்பந்து கேட்டு
பசியாறித் தூங்கிப்போனார்கள்.
குடிக்கப் போகிறவருக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.
அவரைக் கூப்பிடும் மொழியே பிறக்கவில்லை.

எடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.
வீப்கே தூக்கினாள்.
எக்கார்ட் பாதி தூக்கிய கையை
அவளைப் பார்த்ததும்
தலை சொறிவதுபோல் இறக்கிக்கொண்டான்.

அன்றிரவு உருளைக்கிழங்கு வேகவைத்தாள்.
உப்புப் போட மறந்து
அப்படியே சாப்பிட்டாள்.

வியாழன், ஐந்தே முக்கால்.
கூண்டு, வெக்கை, தார்ப்பாய், அளவுகோல்.
இன்று முந்நூறு லிட்டர் குறைவு.
உடன் வந்த பையன் "நல்லதுதானே" என்று சிரித்தான்.

அவள் விளக்கைத் திருப்பிச்
சுவரில் காது வைத்தாள்.
கீறல் அடையவில்லை. மழையும் நிற்கவில்லை.
வழக்கமாக இங்கே வருகிற தண்ணீர்
இப்போது
வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.