மிச்சம்

நாங்கள் வாங்கியது ஆறு மீன்.
காத்தான்குடிக் கடைக்காரர்
ஒரு கட்டுப் பாசியை நூலால் சுற்றிப்
பைக்குள் இறக்கி,
"இது சும்மா, காசு வேணாம்" என்றார்.
சும்மா வந்ததற்குள்
இன்னொன்றும் சும்மா வந்திருந்தது.

முதலில் மிளகு என்று நினைத்தேன்.
மிளகு நடக்காது.
கண்ணாடியின் உட்பக்கம்
ஒரு கொம்பை நீட்டி, பிறகு மற்றதை நீட்டி,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல
மூலைக்கு மூலை நின்று நின்று போனது.

விட்டுவிட்டேன். தனியாள்தானே.

தனியாளே போதும் என்று
மூன்றாம் கிழமை தெரிந்தது.
இலையின் அடியில் ஒரு ஜெலித் துளி,
துளிக்குள் புள்ளிகள்.
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பகல் முழுக்க அடுத்தவர் இரத்தத்தை
எண்ணுகிறவள் நான்.
இருபத்திமூன்று.
அடுத்த இலையைத் திருப்பினேன்.
பிறகு எண்ணவில்லை.

பீர்க்கங்காய்த் துண்டை அவித்து
நூலில் கட்டி இரவில் தொங்கவிட்டு
விடிய ஐந்துக்குத் தூக்கினால்
காய் தெரியாத அளவுக்கு ஊரி.
வாளிக்குள் தட்டினேன்.
மறுநாளும் அவ்வளவு. அதற்கு மறுநாளும்.
பாசியை உப்புத் தண்ணீரில் அலசினேன்.
பாசி கருகியது.

கடைக்காரர் நீல மருந்தொன்று காட்டினார், செம்பு கலந்தது.
"ஊரி செத்திரும்."
"மீன்?"
"மீனும் கொஞ்சம் யோசிக்கும்."
நானும் யோசித்துப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.

கல்லடிப் பாலத்துக்குக் கீழே
நிலாக் காலத்தில் பாடுவது மீனில்லை, ஊரிதான் என்று
சாதிக்கிறவர்கள் உண்டு.
சுதேந்திரனும் அந்தக் கட்சி.
எங்கள் வீட்டு ஊரி மட்டும் ஏன்
இப்படி வாய் திறக்காமல் பெருகுகிறது என்று
அவரிடம் கேட்டிருக்கலாம்.
மாசியிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
கூட்டாளியின் உழவு மெசின் கடனுக்கு
எனக்குச் சொல்லாமல் பிணை நின்றார்.
ஒரு சொட்டு மை.
அதற்குள் எத்தனை புள்ளி.

சோற்றை மூடி வைப்பேன்.
தின்று, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.
கவிழ்க்கிற சத்தம்தான் வீட்டில் பேச்சு.

போத்தலை அலுமாரிக்குள் வைத்தபடி
கடைக்காரர் கேட்டார்:
"எத்தின தரம் தீன் போடுற, தங்கச்சி?"
"காலையில ஒருக்கா. ஒரு சிட்டிகை."
"அப்பிடியெண்டா இவ்வளவு வராதே.
மிச்சம் கிடந்தாத்தான் அது பெருகும்.
எங்கயோ மிச்சம் கிடக்கு."

அந்த வெள்ளி அரைநாள் லீவில் வந்து
வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினேன்,
மற்றதைக் கழற்றவில்லை.
வேலைச் சட்டையோடு
தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.
டப்பாவைத் தட்டி ஒரு சிட்டிகை,
பிறகு இன்னும் கொஞ்சம்.
மீனுக்குச் சொன்னார்:
"அவ மறந்திருப்பா. வேலை கூட அவவுக்கு."

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு
படலைவரை திரும்பிப் போனேன்.
கொழுக்கியைச் சத்தமாக ஆட்டிவிட்டு
மறுபடி வந்தேன்.

இப்போது டப்பா மூடியில்
ஆய்வுகூடத்து ஒட்டுத்தாள் ஒன்று:
திகதி, நேரம், "போட்டாச்சு."
மூன்றாம் நாள் அதன் கீழே அவர் கையெழுத்து.
பிணைப் பத்திரத்தில் கண்ட
அதே வால், அதே சுழி.

ஊரி குறைகிறது. முற்றாகப் போகாதாம்.
கடன் இன்னும் முப்பத்தொரு மாதம்.

நேற்று ராத்திரி
நூலில் கட்டவென்று அவித்துத்
தனியே வைத்த பீர்க்கங்காய்த் துண்டை
கறியென்று நினைத்துத் தின்றுவிட்டு
சுவரைப் பார்த்தபடி,
"இதுக்கு உப்பில்லையே" என்றார்.