உள்பக்கத் தேய்மானம்

ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது
முன் வலது சக்கரம்,
எவர்சில்வர் தட்டில் கரண்டி இழுபடுவது மாதிரி.
அழகுராசா பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.
பிறகு கண்ணாடியை ஏற்றினான்.
பிறகு சொன்னான்:
“ஒன் காலு எந்நேரமும் பிரேக்குலயே கெடக்கு,
தேயாம என்ன செய்யும்.”

விளாங்குடியிலிருந்து தல்லாகுளம்.
கை காட்டினாலும் நிற்கும்
காட்டாவிட்டாலும் நிற்கும் ஷேர் ஆட்டோ.
கோரிப்பாளையத்தில் எதிர்த்திசையில்
முப்பது அட்டை முட்டையோடு வரும் ஒரு டிவிஎஸ்,
ஓட்டுபவர் முகம் தெரியாது,
முட்டைகள்தான் வரும்.
காலை வேறெங்கே வைப்பதாம்.

ஒர்க்‌ஷாப்பில் மூவாயிரத்து இருநூறு கேட்டார்கள்.
வடக்கு வெளி வீதியில் பேட் மட்டும்
ஆயிரத்து நூற்று எண்பது.
மீதி என் கூலி என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு. வெயில் மதில் தாண்டுமுன்
பின் சக்கரத்துக்கு உடைந்த ஹாலோ பிளாக்கை
அண்டக் கொடுத்தேன்.
வண்டி தரையில் இருக்கும்போதே
நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும்,
தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும்.
கைக்கு அசையவில்லை.
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டுக் கிலோ
முதல்முறையாக எதற்கோ உதவியது.

மேல்வீட்டு சிக்கந்தர் மரப்பட்டறையிலிருந்து
சி-கிளாம்ப் கொண்டுவந்தார்,
மரை நெடுகக் காய்ந்த பசை.
“கட்டில் ஒட்டணும், நாளைக்குத் தந்துருங்க” என்றவர்
போகாமல் படியிலேயே நின்றார்.

கீழ் போல்ட்டைக் கழற்றி
காலிப்பரை மேலே தூக்கி
ஹோஸில் பாரம் விழாதபடி
துணிக்கொடிக் கயிற்றால் கட்டினேன்.

வெளிப்பக்கத்து பேட் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.
அதைத்தான் டார்ச் அடித்துப் பார்த்து
மூன்று பில்லில் ஓகே போட்டிருக்கிறார்கள்.
உள்பக்கத்தது
ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை.
அதன் ஓரத்தில் சின்னத் தகடு.
தேய்மானம் எல்லை தாண்டினால்
டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே
கம்பெனி வைத்து அனுப்பியது.
வேறு வேலை கிடையாது அதற்கு.

கீழ்ப் பின்னை இழுத்தேன். வரவில்லை.
ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கி
துருவேறி இறுகியிருந்தது.
ஆக, காலை எடுத்த பிறகும்
உள்பக்கம் டிஸ்க்கை விட்டதே இல்லை.
நான் மிதித்ததில் தேய்ந்தது கொஞ்சம்.
மிதிக்காதபோது தேய்ந்ததுதான் மீதி.

“அப்பாவ வரச் சொல்லு” என்று
நிறைமதியை அனுப்பினேன்.
குளிக்கிறாராம்.
ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு.

சிக்கந்தர் எங்கேயோ ஒரு கடையைத் தட்டி
நாற்பது ரூபாய்க்குப் புது உறை வாங்கிவந்தார்.
பின்னை உப்புத்தாளில் தேய்த்து கிரீஸ் வைத்தேன்.
கிளாம்ப்பைத் திருகத் திருக
பிஸ்டன் மயிரிழை மயிரிழையாக உள்ளே போனது.
பானட்டுக்கடியில் டப்பாவில்
பிரேக் ஆயில் அந்த அளவுக்கு ஏறியது.
இடது பக்கம் இருபது நிமிஷம்தான்.

ஓட்டுமுன் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும்.
முதல் மிதி
தரைவரை போனது.
காலுக்கடியில் ஒன்றுமே இல்லை.
இப்படித்தான் இருக்கும் என்று தெரியும்,
ஆனாலும் அடிவயிறு ஒரு படி இறங்கியது.
இரண்டு. மூன்று.
ஐந்தாவதில்
அந்தப் பக்கமிருந்து யாரோ
உள்ளங்காலை வைத்து ஊன்றியதுபோல நின்றது.

தலை துவட்டியபடி வந்து ஏறினான்.
பழைய பேட் இரண்டையும்
டேஷ்போர்டில் அருகருகே வைத்திருந்தேன்.
பார்த்தான்.
சீட் பெல்ட்டைப் போட்டான்.

வைகைக் கரை ரோடு காலியாகக் கிடந்தது.
நாற்பதில் போய் மெல்ல நிறுத்தி
மறுபடி நாற்பதில் போய் மெல்ல நிறுத்தி.
சத்தமே இல்லை, பயமாகக்கூட இருந்தது.
புதரிலிருந்து ஒரு நாய் குறுக்கே வந்தது.
நான் மிதிக்குமுன்
அவன் வலது கால்
முன்னாலிருந்த மிதியடியை அழுத்தியது.
அந்தப் பக்கம் பெடல் கிடையாது.
ஆனால் அந்த இடத்தில் ரப்பர்
பள்ளம் விழுந்து வழவழத்திருந்தது,
ஆறு வருஷத் தேய்மானம்.

வண்டி நின்றது.
நாய் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது.
“நல்லாப் பிடிக்குது” என்றான்
காலை எடுக்காமலே.