எஞ்சின் குடித்த தண்ணீர்

கும்மட்டத்தின் வாயில் தோள் நுழையாது.
ஒரு கையை முன்னால் அனுப்பிவிட்டு
உடம்பைச் சாய்த்துச் செருகிக்கொண்டாள் மெவ்லிதா.
துஸ்லாவில் அன்றைக்குப் பனி;
கொதிகலனுக்குள் துருவும் அவள் மூச்சும்.

சுவரெல்லாம் சுண்ணாம்பு, விரற்கடைத் தடிமன்.
உளி பட்டதும் பாளம் பாளமாகப் பெயர்ந்தது.
வெளுப்பு, சுரங்கத்துக் கிணற்று நீர்.
பழுப்பு, லூகவாட்ஸ் ஸ்டேஷன் தொட்டி.
இரண்டுக்கும் நடுவே ஒரு கறுத்த கோடு.

“சண்டை நடந்த வருஷங்கள்,” என்றான் ஃபிக்ரெட்
வெளியிலிருந்து விளக்கைப் பிடித்தபடி.
“கண்ட குட்டையிலும் குடித்துவிட்டு
நிலக்கரி இழுத்தது.
நாங்களும் அதையேதான் குடித்தோம்.”

ஏப்ரலில் நீரேற்றி அழுத்தம் கொடுத்தபோது
ஒரேயொரு ரிவெட் மட்டும் கசிந்தது.
சாக்கட்டியால் வட்டம் போட்டார்கள்,
சாப்பிடப் போனார்கள்.

அவள் போகவில்லை.
சட்டைப்பையிலிருந்த சில்லை எடுத்து
அந்தக் கறுத்த கோட்டுக்குக் காலிபர் வைத்தாள்.
ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
துடைத்துவிட்டு
மறுபடி அளந்தாள்.