ஐந்து ராண்ட்

மேசைக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
மேலே ஹேவன்சைட், பேவியூ, வெஸ்ட்கிளிஃப்,
பலகையின் கோடியில் கிராஸ்மோர்.
சாட்ஸ்வொர்த் முழுவதும் என் கராஜில்
பதினான்கு அடி.

கோளாறு இதுதான்:
கிராஸ்மோர் வளைவில் எஞ்சினின் விளக்கு எரிகிறது,
சொன்னது மட்டும் கேட்பதில்லை.
நில் என்றால் ஓடுகிறது,
ஓடு என்றால் முனகுகிறது.
சோறும் சேதியும் ஒரே தட்டில் போகும் லைன் இது.
சோறு போய்ச் சேர்ந்துவிட்டது.
சேதி வழியில் சிந்திவிட்டது.

வாசந்தியிடம் ஐந்து ராண்ட் கடன் வாங்கி
தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தேன்.
பெட்டி உடனே 'டக்' என்று அணைய வேண்டும்.
அணையவில்லை.
நாணயம்தான் கொதித்தது;
எடுத்த விரலில் இன்னும் அதன் விளிம்பு.

துண்டுகளைக் கோக்கும் சின்னத் தகடுகளை நம்பியது
என் தப்பு. இருபத்தாறு வருஷம்
சிக்னல் பிரிவில் இருந்தவன் செய்கிற வேலையா?

செம்புக் கம்பி வாங்கப் போனால்
கடை தீனன் சொல்கிறான்:
"ரசீதைப் பத்திரமா வைங்க, போலீஸ் கேக்கும்."
சிரித்தேன். நிஜ லைனில்
மூன்றாம் தடவை என் கேபிளை அறுத்துப்போன பிறகு
புதிது போட யாரும் சொல்லவில்லை.
சிக்னல் கம்பத்தில் தூக்கணாங்குருவி கட்டிவிட்டது.

சிவப்பும் கறுப்பும் தனித்தனியே போனால்
சேதியின் முனை மழுங்கும். முறுக்க வேண்டும்.
வாசந்தி கேட்டருகே ஒரு முனை,
மறுமுனை டிரில்லின் வாயில்.
எதிர்வீட்டுப் படையாச்சி சுவரில் சாய்ந்து,
"ரெண்டு பேரும் கயிறு தாண்டப் போறீங்களா?"
அடிக்கு மூன்று முறுக்கு. போதும்.
"கூடிப்போனா?" என்றாள்.
"பிரிக்க முடியாது."
"அதான் தெரியுமே."

பதினேழாவது பற்றவைப்பில் கரண்ட் போனது.
லோட்ஷெட்டிங், இரண்டரை மணி நேரம்.
திரும்பி வந்தபோது ஈயம் சாம்பலாய் வெளுத்திருந்தது.
இழுத்தால் கையோடு வந்தது.
மறுபடி உருக்கினேன்.

கம்பியின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்:
முட்டித் திரும்பும் சொல்
அடுத்த சொல்லின் காலை மிதிக்காதிருக்க.

நாணயத்தை வைத்தேன், கிராஸ்மோரில்.
டக்.
ஓடிய மூன்று ரயிலும் நின்ற இடத்தில் நின்றன.
கைதட்டினேன், மேசைக்கடியில் தலை இடித்தது.

வாசந்தி நாணயத்தை எடுத்துப் பார்த்தாள்.
சில்லென்றிருந்தது.
"இதோட இன்னொரு பதினஞ்சு போட்டு
ரொட்டி வாங்கிட்டு வாங்க."

கடைக்குத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.
புல் முழங்கால் வரை.
நின்று, இரண்டு பக்கமும் பார்த்தேன்.